இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஓர் ஆலோசகர் வேலையும்

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குக் கல்முனையில் ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். எட்டுப் பேரின் கையில் காகிதங்கள் நிறைந்த கோவை இருந்தது. ஒன்பதாவது ஆள் கையை வீசிக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் சாய்ந்தமருது ஆதம்பாவா.

சுனாமி வீட்டுத் திட்டம் நடத்திய வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று தகவல் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரைத் தேடியது. அந்த வேலைக்குத்தான் இத்தனை கூட்டம். முன்னால் நின்ற எட்டுப் பேரும் இளைஞர்கள். ஒருவன் திரும்பி, அண்ணன் முறை வைத்து, “காக்கா, மகனுக்கா வந்த?” என்று கேட்டான்.

“இல்ல தம்பி. நான் எனக்குத்தான் வந்த. உங்கட வாப்பாட றேடியோவத் திருத்தினவனும் நான்தான், மறந்திராதீங்க.”

படியில் சிரிப்பு எழுந்தது. ஆதம்பாவாவும் சிரித்தார்.  ஆனால் வியாழக்கிழமை அவருக்கு டோஹாவுக்கு விமானம். அங்கே ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. அவருடைய கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை முகவர் றமீஸின் மேசையில் இருந்தது. “புதன் பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள முடிவச் சொல்லுங்க காக்கா. பொறகு ஆள மாத்தேலா,” என்று றமீஸ் கறாராகச் சொல்லியிருந்தான்.

ஆதம்பாவாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மூட்டை அவருக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பில் வாப்பா மௌத்தாகி அடக்கமானதும் பள்ளியை விட்டு, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைத்தவர். ஆலை முதலாளியின் றேடியோ ஒருநாள் வாயை மூடிக்கொண்டது. பையன் அதைத் திறந்து பார்த்தான். மூன்று நாளில் அது மறுபடி பேசியது. அதோடு மூட்டை ஊசியை வைத்துவிட்டுக் கல்முனை பஸாருக்கு வந்தார். றேடியோ போய்த் தொலைக்காட்சி வந்தது, அதையும் படித்தார். கணினி வந்தபோது, ஒரு வங்கி கழித்துவிட்டதை வாங்கி வந்து, நாற்பது தடவை கழற்றி நாற்பது தடவை பூட்டினார். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதப் பழகினார். சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் கிடையாது. 2004 மார்கழி வரும்போது கடையில் பதினொரு கணினிகள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஆலையில், எந்த மருந்துக்கடையில் கணினி படுத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். பட்டம் வாங்கியவர்கள் கைவிட்டதை அவர் எழுப்பியிருக்கிறார். இதில் மிகை ஒன்றும் இல்லை. சாட்சிக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

அந்த டிசம்பர் இருபத்தாறில் கடல் கடையையும் கொண்டுபோனது, அவருடைய மனைவி நஸீறாவின் வீட்டையும் கொண்டுபோனது. நாலரை வருடமாகத் தகரக் கொட்டிலில் குடித்தனம். அன்று காலை அவர் புறப்படும்போது நஸீறா வாசலில் நின்று சொன்னாள்: “இஞ்ச பாருங்க, புள்ளைகளுட வாப்பா. தூக்கின மூட்டைய எறக்கி வெச்சிட்டு முப்பது வருசம் மேல ஏறி வந்த மனிசன் நீங்க. மறுகாப் போய் அதத் தூக்கப் போறீங்களா? இந்த வேலைய விட்டுட்டு மட்டும் வந்திராதீங்க.”

நேர்முகம் நடத்தியவர் லோகநாதன். திட்ட முகாமையாளர். அட்டனில் பிறந்து கொழும்பில் படித்தவர். முகத்தில் நித்திரை இல்லாத களை.

“சேர்ட்டிபிகேட் எல்லாம் எங்கங்க?”

அந்தக் காலத்தில் நம் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: கடல் கொண்டுபோய்விட்டது. கடல் எத்தனையோ உண்மையான பத்திரங்களைக் கொண்டுபோனது. அதோடு, யாரும் ஒருநாளும் வாங்காத பட்டங்களையும் சேர்த்துக் கொண்டுபோனது. அன்று காலை அவருக்கு முன்னால் உள்ளே போனவர்களில் ஐந்து பேர் அதைத்தான் சொன்னார்கள். அதில் ஒருவன் சுனாமி வந்தபோது பத்தாம் வகுப்பு மாணவன்.

ஆதம்பாவாவுக்கும் அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் தன் கையால் தேடிய பெருமையைக் கடலுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“கடல் கொண்டுபோகல்ல சேர். நான் எடுக்கவே இல்ல.”

லோகநாதன் நிமிர்ந்து பார்த்தார். “எடுக்கலையா? அப்ப எவ்வளவு படிச்சிருக்கீங்க?”

“ஆறு.”

“ஓ.எல். பரீட்சையில ஆறு பாடமா?”

“ஆறாம் வகுப்பு சேர்.”

“எந்தத் தைரியத்துலங்க இங்க வந்தீங்க?”

“மத்த ஆக்களுக்கிட்டக் கடுதாசி இரிக்கி. எனக்கிட்ட வேல இரிக்கி. தாங்க, செஞ்சு காட்டுறன். செய்ய ஏலாட்டி நானே கதவச் சாத்திட்டுப் போறன்.”

 நேரம் இருந்திருந்தால் லோகநாதன் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் அவருடைய கழுத்தில் கத்தி இருந்தது. ஒன்பது பேரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு ஒரு திரையைக் காட்டினார். வீடு கேட்டு வந்த விண்ணப்பங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பாக நின்றன.

“நூத்தியாறு ஆம்பளைங்க. ஒவ்வொருத்தரோட அடையாள அட்டை நம்பரும் ரெண்டு வீட்டு விண்ணப்பத்துல இருக்கு. கொழும்புல இதைப் பொய்ப் பதிவுன்னு சொல்றாங்க. புதன்கிழமை மூணு மணிக்கு லிஸ்ட் மின்னஞ்சல்ல வெளிநாட்டுக்குப் போகணும். பொய்ப் பதிவுன்னு போனா இந்த இருநூத்திப் பன்னிரண்டு வீட்டுக்கும் இனி எப்பவும் உதவி கிடையாது. புரோகிராம்ல பிழையா, ஆளுங்க பிழையா? அதைத்தான் நான் கேக்குறேன்.”

எட்டுப் பேரும் புரோகிராமைத் திறந்து பார்த்தார்கள். அரை மணித்தியாலத்தில் ஒரே பதில் வந்தது: புரோகிராம் சரி. ஓர் எண் இரண்டு தடவை வந்தால் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறது, நிறுத்துகிறது.

ஆதம்பாவா புரோகிராமைத் தொடவில்லை. பெயர்களையும் வயதையும் வாசித்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒரு விண்ணப்பம் வயது குறைந்த பெண்ணுடையது, மற்றது கிழவியுடையது. பத்துச் சோடி வாசித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் சிரிப்பு வந்தது.

“சேர், இது கள்ளமில்ல. இது கலியாணம்.”

“என்னது?”

“உங்கட ஊரில கலியாணம் முடிஞ்சா பொண்ணு எங்க போகும்?”

“மாப்பிள்ளை வீட்டுக்கு.”

“இஞ்ச மாப்பிள்ளதான் பொண்ணுட வூட்டுக்குப் போவான். வூடு பொண்ணுட. காணிப் பத்திரம், அந்த உறுதியும் பொண்ணுட பேரில. உங்கட விண்ணப்பப் போமில முதல் கேள்வி என்ன? குடும்பத் தலைவர், ஆண், அடையாள அட்டை இலக்கம். பொண்டாட்டி புருசன்ட நம்பரப் போட்டாள். அங்கால அவன்ட உம்மா கைம்பெண். அவவுக்கும் போமில ஒரு ஆம்பிள வேணும். அவ மகன்ட நம்பரப் போட்டா. பெத்தவ வேற ஆரப் போடுவா?”

லோகநாதன் நெற்றியைத் தடவினார். “அப்ப ஒரு ஆளுக்கு ரெண்டு வீடா?”

“அவனுக்கு ஒரு வூடும் இல்ல சேர். ஒண்டு பொண்டாட்டிட, ஒண்டு உம்மாட. அவன் ரெண்டுலயும் சோறு தின்னுற ஆள் மட்டுந்தான்.”

இளைஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எல்லோரும் இந்தக் கரைப் பிள்ளைகள்தான், இது தெரியாதவன் அங்கே ஒருவனும் இல்லை. ஆனால் திரையைப் பார்த்தவுடன் அவர்களுக்கு ஊர் மறந்துபோயிற்று. கோவை கனத்தால் அப்படித்தான்.

லோகநாதன் சிரிக்கவில்லை. “கதை நல்லா இருக்கு. கொழும்புக்குக் கதை அனுப்ப முடியாது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள ஒவ்வொரு வீடும் யாரோடதுன்னு ஆதாரத்தோட காட்டுங்க. காட்டிட்டா வேலை உங்களுக்கு. நீங்கதான் கையெழுத்தும் போடணும், ஆலோசகர்ன்னு.”

மற்ற எட்டுப் பேரும் இறங்கிப் போனார்கள். ஆதம்பாவா பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டு போனார். நூற்று நாற்பத்தோராவது வரியில் விரல் நின்றது. மருதமுனை, ஆயிஷா உம்மா. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஓர் எண். அந்த எண்ணை அவர் தூக்கத்திலும் சொல்வார். அது அவருடையது.

ஆயிஷா உம்மா அவரைப் பெற்ற தாய். அதே எண் நஸீறாவின் விண்ணப்பத்திலும் இருந்தது. அந்த நூற்றாறு ஆண்களில் அவரும் ஒருவர்.

அவர் லோகநாதனைத் திரும்பிப் பார்த்தார். இப்போதே சொல்லலாம். சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? தன் களவை மறைக்க ஒருவன் ஊர் வழக்கம் என்று கதை கட்டினான் என்றுதான் நினைப்பார். மற்ற இருநூற்றுப் பத்து வீடும் அதோடு போய்விடும். ஆதம்பாவா வாயை மூடிக்கொண்டு, பட்டியலை அச்செடுக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டார். விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் உத்தியோகத்தர் உசாந்தினி அலுமாரியைத் திறந்துவிட்டாள். திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, அதிகம் கதைக்க மாட்டாள். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்பக்கத்தில் காணி உறுதியின் பிரதி குத்தியிருந்தது.

“பிள்ள, இந்த உறுதி ஆர்ர பேரில எண்டு கொம்பியூட்டர்ல அடிக்கல்லியா?”

“அதுக்கு இடமே இல்லையே சேர். கொழும்பால வந்த படிவத்தில அந்தப் பகுதி இல்ல.”

அவளுடைய “சேர்” அவருக்கு இனித்தது. புரோகிராமில் ஒரு புதிய நிரல் திறந்தார்: உறுதி யார் பெயரில். உசாந்தினி வாசிக்க வாசிக்க அவர் அடித்தார். உறுதிக்காரியின் அடையாள எண்ணை விண்ணப்பித்தவளின் எண்ணோடு கணினி ஒப்பிட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றாகச் சிவப்பு அழிந்தது. மனைவிமாரின் விண்ணப்பம் நூற்றாறும் சரி. தாய்மாரின் விண்ணப்பத்தில் எண்பத்தொன்பது சரி. நஸீறாவின் வரியும் தெளிந்தது. கடைசியில் பதினேழு மட்டும் சிவப்பாக நின்றன.

அந்த நேரம் வெளியே படபடவென்று வெடித்தது. அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் மேசைக்குக் கீழே போனார்கள். இருபத்தைந்து வருடப் பழக்கம், உடம்பு யாரையும் கேட்பதில்லை. பிறகுதான் அது பட்டாசு என்று தெரிந்தது. யுத்தம் முடிந்துவிட்டதாம், வானொலியில் சொன்னார்களாம். லோகநாதன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, “வேலையைப் பாருங்க,” என்றார். உசாந்தினி எழும்பவே சற்று நேரம் எடுத்தது. அவளுடைய அண்ணன் குடும்பம் போர் நடந்த வன்னியில் இருந்தது. கைத்தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், பிறகு வைத்துவிட்டு அடுத்த கோவையை எடுத்தாள். ஆதம்பாவா அவளுக்கு முன்னால் தேநீரை நகர்த்தி வைத்தார். 

பதினேழு கோவைகளின் பின்பக்கத்திலும் உறுதி குத்தியிருக்கவில்லை. அதில் ஒன்பதாவது ஆயிஷா உம்மாவுடையது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கு மண்டையில் அடித்தது. மருதமுனை வளவு நிலமும் வீடும் உம்மாவுக்குச் சொந்தமில்லை. இளைய தங்கை சுல்பிகாவின் கலியாணத்தில் உம்மா தன் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். எழுதிக்கொடுத்த பிறகும் அதே வீட்டில் மகளோடு இருந்தார். நம் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் இருப்பார்கள். கடல் சுல்பிகாவைக் கொண்டுபோனது. மருமகன் வேறு கலியாணம் முடித்துப் போய்விட்டான். உறுதியில் இன்னும் சுல்பிகாவின் பெயர்தான்.

மற்றப் பதினாறு பெயர்களையும் பார்த்தார். கடல் அந்த வருடம் எத்தனை இளம்பெண்களைக் கொண்டுபோனது என்பது அவருக்குத் தெரியும். எல்லாம் இதே கதையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ‘இருக்கவேண்டும்’ என்பது ஆதாரம் ஆகாது. பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குப் புறப்பட்டார்.

பாண்டிருப்பைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. அன்று எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அவருடைய சட்டைப் பையைத் தட்டி, கடதாசியை எடுத்து விரித்தான். பதினேழு பெயர், முகவரி, அடையாள அட்டை எண்.

“இது என்ன லிஸ்ட்?” என்று சிங்களத்தில் கேட்டான்.

யுத்தம் முடிந்த நாளில், அடையாள அட்டை எண்களைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற ஒரு மனிதன்!  சிப்பாய் சார்ஜனைக் கூப்பிட்டான். சார்ஜன் அவரை மரக்குற்றியில் உட்காரவைத்தான். ஒரு மணித்தியாலம் போனது. வெயில் இறங்கத் தொடங்கியது. பட்டியல் மணல் மூட்டையின் மேல் கிடந்தது. ஒரு காற்று வந்தால் போதும், வேலையும் அதோடு பறந்துவிடும்.

ஒருவழியாகச் சார்ஜன் திரும்பி வந்தான். “சொல்லு. யார் இவர்கள்?”

ஆதம்பாவா அம்பாறைக் கடைகளில் தொலைக்காட்சி திருத்திப் படித்த சிங்களம் நல்ல சிங்களம். இலக்கணம் இல்லாவிட்டாலும் ஓட்டம் உண்டு. வீடு, போம், குடும்பத் தலைவர், பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் விளக்கினார். சார்ஜன் கேட்டுக்கொண்டே இருந்தான். திடீரென்று அவன் மீசை அசைந்தது.

“அட, பின்னக் கலியாணம்!” என்றான். பெண் வீட்டோடு போய் இருக்கும் மாப்பிள்ளையின் கலியாணத்துக்குச் சிங்களவர் வைத்த பெயர் அது. “உங்கள் ஊரில் எல்லோருமேவா பின்ன?”

“எல்லாரும் மாத்தயா.”

“மாமியார் திட்டினால் எங்கே போவீர்கள்?”

“உம்மா வீட்டுக்கு. அதனால்தான் மாத்தயா எங்கள் நம்பர் இரண்டு வீட்டிலும் இருக்கிறது.”

சார்ஜன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவனும் மாத்தளையில் மாமியார் வீட்டில் இருக்கிற ஆள்தானாம். கொழும்பில் படித்தவர்களுக்கு ஆறு மாதமாக விளங்காதது இவனுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கியது. பட்டியலைக் கையில் கொடுத்து, “இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போ,” என்றான்.

மருதமுனையில் பன்னிரண்டு வீடுகள்தான் ஏறி இறங்க முடிந்தது. பன்னிரண்டிலும் ஒரே பதில். “உறுதி மகள்ட பேரில. மகள் மௌத்து.” மீதி ஐந்தில் நாலு அங்கங்கே தூரத்தில் இருந்தன. ஐந்தாவது உம்மா. ஆயிஷா உம்மா கொட்டிலின் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“உம்மா, வூட்டுப் போமில என்ட நம்பரயா போட்ட?”

“ஓம். வேற ஆர்ர நம்பரப் போட? பக்கத்து வூட்டு மரைக்கார்ர நம்பரயா?”

“எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே.”

“உன்னப் பெத்ததுக்கும் உனக்கிட்டக் கேட்டா பெத்த?” உம்மா கத்தியைக் கழுவி வைத்தார். “என்ன மனே, மொகம் கறுத்திரிக்கி? என்ன நடந்த?”

அவர் சொன்னார். உறுதி இல்லாததைச் சொன்னார். நாளைக்குப் பட்டியல் போவதைச் சொன்னார். கணினியில் இரண்டே பெட்டிதான் இருக்கிறது என்பதையும் சொன்னார்: சரி அல்லது பொய்.

உம்மா கழுவிய மீனைச் சட்டியில் போட்டு மூடினார். பிறகு கேட்டார்: “பொய் எண்டு ஆரு எழுதுற?”

“நான்தான் உம்மா. அதுக்குத்தான் எனக்கு வேல தாறாங்க.”

“எழுதன். எழுதிட்டு வந்து இஞ்ச சோத்தத் தின்னு.”

அவர் சாப்பிடாமல் போனார்.

புதன்கிழமை நாடு முழுக்க விடுமுறை விட்டிருந்தார்கள். அலுவலகத்தில் லோகநாதனும் உசாந்தினியும் மட்டும். பதினொன்றரைக்கு ஆதம்பாவா திரையைத் திருப்பிக் காட்டினார். நூற்றுத் தொண்ணூற்றைந்து வீடுகள் பச்சை. லோகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவருடைய முகம் தளர்ந்தது.

“பின்னிட்டீங்க மிஸ்டர் ஆதம்பாவா. கொழும்புல ஆறு மாசமா தலையைப் பிச்சிக்கிட்டாங்க. சரி, மிச்சம் பதினேழையும் பொய்ப் பதிவுல போட்டுட்டு அடியில கையெழுத்து வைங்க. உங்க நியமன லெட்டரை அடிச்சிருவோம்.”

உசாந்தினி பேனாவை நீட்டினாள். ஆதம்பாவா வாங்கினார். கடதாசியின் அடியில் அழகாக அச்சடித்திருந்தது: தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். அந்த நான்கு அங்குலக் கோட்டுக்குத்தான் அவர் முப்பது வருடம் வேலை செய்திருந்தார். பேனா கோட்டின் மேல் நின்றது. பேனா கீழே இறங்கவில்லை.

“சேர், இது பொய்யில்ல. உறுதிக்காரி மௌத்து. தாய் அதே வளவில இரிக்கா. பன்னிரண்டு வூட்டுக்கு நானே போனன்.”

“உறுதி இருக்கா?”

“அந்தப் பேருக்கு இல்ல.”

“அப்ப சரியும் இல்லையே. புரோகிராம்ல வேற என்ன பண்றது?”

“மூண்டாவது ஒரு பெட்டி திறப்பம். விசாரணைக்கு எண்டு. எனக்குப் பத்து நிமிசம் போதும்.”

லோகநாதனின் குரல் ஏறியது. “பத்து நிமிஷ வேலை இல்லைங்க இது! படிவத்தை மாத்தினா முழு லிஸ்ட்டையும் திருப்பி அனுப்பிருவாங்க. பதினேழு பேருக்காக நூத்தித் தொண்ணூத்தஞ்சு பேரை விடவா? சும்மா கையெழுத்தைப் போடுங்க.”

ஆதம்பாவா பேனாவை மேசையில் வைத்தார்.

“இன்னொண்டு சொல்லணும் சேர். இதில ஒன்பதாவது ஆள் என்ட உம்மா. அந்த நம்பர் என்ட நம்பர்.”

 லோகநாதன் ஒன்பதாவது வரியைப் பார்த்தார், பிறகு ஆதம்பாவாவைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது.

“இது எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“திங்கக்கிழம.”

“திங்கக்கிழமையே! ஏன் சொல்லல?”

“அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்க இருநூத்திப் பன்னிரண்டையும் பாத்திருக்க மாட்டீங்க. என்ட உம்மாவ மட்டுந்தான் பாத்திருப்பீங்க.”

“இப்ப மட்டும் எதுக்குச் சொல்றீங்க? சொல்லாம கையெழுத்தப் போட்டிருந்தா வேலை உங்க கையில.”

“போட்டிருந்தா என்ட உம்மாவக் கள்ளி எண்டு நானே எழுதின மாதிரி. சொல்லாமப் பெட்டியத் திறந்தா உம்மாவுக்காகக் களவு செஞ்ச மாதிரி. ரெண்டும் எனக்கு ஏலா. நான் ஆறாம் வகுப்பு சேர். எனக்குக் காட்ட ஒரு கடுதாசியும் இல்ல. ஆதம்பாவா செஞ்ச வேல சுத்தமான வேல எண்ட பேர் மட்டுந்தான் இரிக்கி.”

லோகநாதன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கொழும்புக்குப் பேசினார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய கை மேலும் கீழும் போவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. ஒரு மணி. ஆதம்பாவா டோஹாக் கிடங்கை நினைத்துப் பார்த்தார். மூட்டை அங்கே எத்தனை கிலோவாக இருக்கும்? நாற்பத்தேழு வயதுத் தோளில் அது எப்படி உட்காரும்?

உசாந்தினி மெல்லச் சொன்னாள்: “சேர், நீங்க அந்தப் பெட்டியத் திறந்து வையுங்க. அனுப்பாட்டி அழிச்சிரலாம்.”

அவர் திறந்து வைத்தார். ஏழு நிமிடம்தான் எடுத்தது.

ஒன்றரைக்கு லோகநாதன் உள்ளே வந்தார். உட்காரவில்லை. “மூணாவது பெட்டிக்கு ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள பதினேழையும் விசாரிச்சு முடிக்கணும். உங்களுக்கு மூணு மாச ஒப்பந்தம், கொந்தராத்து வேலை. ஆனா கேட்டுக்கங்க. உங்கம்மா கோவையில நீங்க கை வைக்கக் கூடாது. தொடக் கூடாது, கேக்கக் கூடாது, அந்த வரியைத் திறக்கவே கூடாது. அதை உசாந்தினி விசாரிப்பாங்க. ஒரு தடவை நீங்க மூக்கை நுழைச்சாலும் அன்னைக்கே கொந்தராத்து முடிஞ்சுது. சம்மதமா?”

“சம்மதம்.”

“லெட்டர் அடிக்க ஆள் இல்லை. இன்னைக்கு லீவு.”

“நகருங்க சேர்,” என்றார் ஆதம்பாவா.

தன் நியமனக் கடிதத்தைத் தானே தட்டிய ஆலோசகர் இலங்கையில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. இரண்டே முக்காலுக்குப் பட்டியல் போனது. மூன்று மணிக்கு றமீஸை அழைத்தார். “தம்பி, என்ட பாஸ்போட்ட எடுத்து வைங்க. வேற ஆளப் பாருங்க.”

“காக்கா, வடிவா யோசிச்சீங்களா? அங்க ரெண்டு வருசம், இஞ்ச மூண்டே மூண்டு மாசம்.”

“மூண்டு மாசத்துக்குள்ள அவங்களுக்கு நான் இல்லாமக் கை ஓடாது. பாருங்க.”

சொன்னபடிதான் நடந்தது. அந்த மூன்று மாதம் நாலரை வருடமாக நீண்டது. ஆனால் அது பிறகு. முதலில் பதினேழு வீடுகள் இருந்தன.

ஆதம்பாவா பதினாறு வீடுகளுக்குப் போனார். கிராம சேவகரின் கடிதம், மௌத்து அத்தாட்சி, பள்ளிவாசல் பதிவு, அயலவர் இருவரின் சாட்சி. ஒவ்வொரு கோவையும் ஒரு விரல் தடிப்பு ஆகியது. பதினேழாவதை உசாந்தினி கடைசி வாரத்துக்கு வைத்திருந்தாள். அன்று மருதமுனைக்கு ஒரே வாகனத்தில் போகவேண்டி வந்தது. ஆதம்பாவாவுக்கு அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி வேலை இருந்தது. வேலிக்கு வெளியே, உம்மாவின் முற்றம் தெரியாத பக்கமாக நின்றார். கண்ணைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியவில்லை.

“அம்மா, குடும்பத் தலைவர் ஆர்?” என்று உசாந்தினியின் குரல் கேட்டது.

“நான்தான்.”

“படிவத்தில ஒரு ஆம்பிளைட இலக்கம் இருக்குதே?”

“அது என்ட மகன். அவன் பொண்டாட்டிட வூட்ட. இஞ்ச நான்தான் தலைவர். ஒல வெக்கிறதும் நான்தான், விறகு தேடுறதும் நான்தான். எழுதுங்க மகள்.”

பிறகு குரல்கள் தணிந்தன. ஒரு பாத்திரம் உரசும் சத்தம்.  வேலி ஓலையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயின. ஒரே ஓர் எட்டு வைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் போதும்.

அவர் அந்த எட்டை வைக்கவில்லை.

உசாந்தினி வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கோவை மூடியிருந்தது. அவரைக் கண்டதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகத்திலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை.

“சேர், நீங்க கேக்கக் கூடாது.”

“நான் கேக்கல்லியே பிள்ள,” என்றார் ஆதம்பாவா. தன் கோவையைத் திறந்து, இரண்டு வீடு தள்ளி இருந்த படலையைத் தட்டினார்.